தட்டு வெளிச்சம்

மலையடிவாரத்து மடம் அது. பெரிய மடமெல்லாம் இல்லை. ஒரு கிணறு, ரெண்டு அறை, ஒரு சாமியார், ஒரு சீடர், ஒரு பூனை. சாமியாருக்கு நாற்பத்தைந்து வயது. சீடர் சொரிமுத்துவுக்கு அறுபத்தொன்று. முப்பது வருஷம் லாரி ஓட்டிவிட்டு, வீட்டில் சொல்லாமல் கொள்ளாமல் ஞானம் தேடி வந்தவர். வந்து பதினோரு வருஷம் ஆகிறது. முட்டி தேய்ந்ததுதான் மிச்சம்.

பூனைக்குப் பொட்டு என்று பெயர். பொழுது போகாவிட்டால் பூஜை அறைக்குள் புகுந்து விளக்கைத் தட்டிவிடும், பூவைக் குதறும்.

“அதுக்கு ஏதாவது விளையாட்டுக் காட்டுங்க அண்ணாச்சி,” என்றார் சாமியார்.

சொரிமுத்து ஒரு ரப்பர் பந்து வாங்கி வந்தார். பொட்டு அதை மோந்து பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது. பந்து வந்த அட்டைப்பெட்டிக்குள் ஏறி ரெண்டு நாள் குடித்தனம் நடத்தியது. அதுவும் சலித்துப்போயிற்று. காகிதத்தைச் சுருட்டி எறிந்தால் ஓடிப்போய்ப் பிடிக்கும். ஆனால் மறுபடி எறிவதற்கு இவரல்லவா எழுந்து போய் எடுக்க வேண்டும்? அட போங்கப்பா என்றிருந்தது அவருக்கு.

அப்புறம்தான் அந்த யோசனை வந்தது. முற்றத்து வெயிலில் எவர்சில்வர் தட்டைச் சாய்த்துப் பிடித்தால் சுவரில் ஒரு வெளிச்ச வட்டம் விழுந்தது. தட்டை அசைத்தால் வட்டம் ஓடியது. பொட்டு பித்துப் பிடித்த மாதிரி அதன் பின்னால் பாய்ந்தது. சொரிமுத்து உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவே வேண்டாம். ஒரு வாரம் இப்படியே போனது.

அந்த வாரம்தான் மகள் செண்பகவடிவிடமிருந்து போஸ்ட் கார்டு வந்தது. சாமியார்தான் வாசித்துக் காட்டினார். வியாழக்கிழமை டவுன் ஆஸ்பத்திரியில் அவளுக்கு இதய ஆபரேஷன். ‘அப்பா, நீங்க வந்தா எனக்குத் தைரியமா இருக்கும்’ என்று எழுதியிருந்தாள்.

சொரிமுத்து அழுதார். “ஒண்ணும் கிடைக்காம எப்படி சாமி போறது?” என்றார். கார்டை இடுப்பில் செருகிக்கொண்டார். போகவில்லை.

புதன்கிழமை மத்தியானம் பொட்டு சோற்றைத் தொடவில்லை. வெறும் சுவரைப் பார்த்து உட்கார்ந்து கத்தியது. தூக்கப் போன சொரிமுத்துவின் கையைப் பிறாண்டிவிட்டது.

“சாமி, இதுக்கு என்னமோ ஆகிப்போச்சு.”

சாமியார் வந்தார். “வழக்கமா என்ன பண்ணுவீங்களோ, பண்ணுங்க.”

சொரிமுத்து தட்டைப் பிடித்தார். பொட்டு பாய்ந்து, வட்டத்தின் மேல் காலை வைத்து அழுத்தியது. மெல்லக் காலைத் தூக்கிப் பார்த்தது. ஒன்றுமில்லை. மறுபடி பாய்ந்தது. மறுபடி தூக்கிப் பார்த்தது.

“போதும், வையுங்க.”

சாமியார் கிணற்றடியில் கிடந்த கயிற்றுத் துண்டை எடுத்து, நுனியில் கந்தல் துணியை முடிந்தார். தரையில் மெதுவாக இழுத்தார். சாக்குக்குப் பின்னால் ஒளித்து, நுனியை மட்டும் லேசாக அசைத்தார். பொட்டு தரையோடு தரையாகப் பதுங்கியது. பின்பக்கத்தை ஆட்டியது. ஒரே தாவல். சாமியார் கயிற்றை விட்டுவிட்டார்.

“ஏன் சாமி விட்டுட்டீங்க?”

“பிடிச்சிட்டுதுல்லா.”

பொட்டு துணியைக் கடித்து, பின்னங்காலால் உதைத்து, கட்டிலுக்கு அடியில் இழுத்துக்கொண்டு போனது. கொஞ்ச நேரம் கழித்து வந்து சோற்றைத் தின்றது. காலை நக்கிக்கொண்டே தூங்கிப்போனது.

சொரிமுத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

“பதினோரு வருஷமா எனக்கு நீங்க காட்டுனது கயிறா, வெளிச்சமா?”

சாமியார் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். அவருக்கும் அலுப்பாகத்தான் இருந்தது.

“வெளிச்சம்தான் அண்ணாச்சி. என் குரு எனக்குக் காட்டுனதும் அதுதான். நானும் இன்னும் காலைத் தூக்கித் தூக்கித்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்.”

“இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே சாமி?”

“சொல்லியிருக்கலாம். நீங்க கூட இருந்தது எனக்குத் துணையா இருந்துச்சு.”

சொரிமுத்து இடுப்பிலிருந்த கார்டை எடுத்துப் பிரித்துப் பார்த்தார்.

“நாலு மணி பஸ்ஸை விட்டா இனி நாளைக்குத்தான்,” என்றார் சாமியார்.

“எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் போவேன்? இத்தனை வருஷம் அவளை விட்டுட்டு வந்து, இப்ப வெறுங்கையை வீசிக்கிட்டா போய் நிக்கச் சொல்றீங்க?”

“ஆபரேஷனுக்குப் போற பிள்ளை கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காரணும். அதுக்கு உங்க கையில வேற என்ன அண்ணாச்சி இருக்கணும்?”