பாத்திரச் சத்தம்

"ஒருத்தரும் ரெண்டாவது தடவை வர்றதில்லை, மேடம்" என்றார் இன்னாசி.

மானிடவியல் பேராசிரியர் மெஹருன்னிசா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

இன்னாசி சமூக மருத்துவத் துறைக்காரர். மனிதர்களைப் பேசவைத்து, அந்தப் பேச்சிலிருந்து ஆராய்கிறவர்கள் பல்கலைக்கழகத்தில் துறைக்கு ஒருவராகச் சிதறிக் கிடந்தார்கள். அவர்களை ஒன்றாக உட்கார வைக்க வேண்டும் என்று அலைந்து திரிந்து ஓர் அறையும் வாங்கிவிட்டார். வந்தவர்கள் அவரவர் கட்டுரையை வாசித்தார்கள். கைதட்டல் வாங்கினார்கள். போய்விட்டார்கள்.

வெள்ளிக்கிழமையும் கூட்டம் சேராவிட்டால் அறை புள்ளியியல் துறைக்கு.

"என்ன கொண்டு வரச் சொன்னீங்க?"

"முடிச்ச கட்டுரையை."

"முடிஞ்சு போனதுக்குக் கூட்டம் கூடுறது சாவு வீட்டுலதான்."

இன்னாசிக்குச் சுருக்கென்றது.

இன்னாசி எடுத்த பேட்டிகளில் அவருக்கே புரியாத இடம் எது என்று கேட்டார் மெஹருன்னிசா. அப்படி ஒன்றும் இல்லை என்றார் இன்னாசி. மெஹருன்னிசா ஆரஞ்சு நாரைப் பொறுமையாக எடுத்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் இன்னாசி சொன்னார். ஒரு காசநோயாளி, அவர் வீட்டிலேயே எடுத்த பேட்டி. மாத்திரையைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் சிரித்தார். ஏனென்று தெரியவில்லை. 'அலட்சியம்' என்று எழுதிவிட்டுத் தாண்டிப் போயாயிற்று.

"அதைப் போடுங்க."

"எல்லார் முன்னாடியுமா? மானம் போயிடும், மேடம்."

"போனா அறையோட போகட்டும்."

ஒரு சுளையை இன்னாசியின் கையில் வைத்தார்.

வெள்ளிக்கிழமை சிலர் வந்தார்கள், துக்கம் விசாரிப்பது போல. புள்ளியியல் துறைத் தலைவர் வேதமூர்த்தியும் வந்தார். அலமாரிகள் எங்கே கொள்ளும் என்று பார்க்க அளவு நாடாவோடு வாசலில் நின்றார்.

"இது எனக்குப் புரியலை" என்றார் இன்னாசி. நோயாளியிடம் ஒப்புதல் வாங்கி, பெயரை நீக்கியிருந்த பதிவை ஓடவிட்டார்.

கேள்வி. சிரிப்பு. மறுபடி கேள்வி. மறுபடி சிரிப்பு.



பிறகு நாடகத் துறை நல்லபெருமாள் பதிவை இன்னொரு முறை ஓடவிடச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"உள்ளே யாரோ பாத்திரம் கழுவுறாங்க. நீங்க மாத்திரைன்னதும் அந்தச் சத்தம் நின்னுடுது. அப்புறம்தான் சிரிப்பு வருது."

அந்தச் சத்தத்தை இரைச்சல் என்று இன்னாசி ஒதுக்கியிருந்தார்.

செவிலியர் கல்லூரி கனகவல்லி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"அந்தச் சிரிப்பு உங்களுக்கு இல்ல, சார். உள்ளே நின்னு கேக்குறவங்களுக்கு. எங்க வார்டுல சொந்தக்காரங்க எட்டிப் பார்த்தா இப்படித்தான் சிரிப்பாங்க. இவரு வீட்டுல நோயைச் சொல்லவே இல்ல."

இன்னாசி தன் அறிக்கையை எடுத்து 'அலட்சியம்' என்ற சொல்லை அடித்தார்.

பின்வரிசையில் சட்டத் துறைக்காரர் தொண்டையைச் செருமினார். அவரிடமும் ஒரு சாட்சி உண்டாம், ஒரே கேள்விக்கு மட்டும் வாய் திறக்காதவர். கல்வியியல்காரர் தன்னிடம் அதைவிட மோசமான ஒன்று இருப்பதாகச் சொன்னார். அடுத்த வெள்ளி யார் முறை என்று வாக்குவாதம் கிளம்பியது. கேண்டீனிலிருந்து டீ வந்தது. வெளியே போய்க்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்து உள்ளே வந்தார்கள். நாற்காலி போதவில்லை.

இன்னாசி மெஹருன்னிசாவைத் தேடினார். அவர் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்.

அவருடைய நாற்காலியில் வேதமூர்த்தி. அளவு நாடா சட்டைப் பைக்குள் போயிருந்தது.

"இன்னொரு தடவை போடுங்க" என்றார் வேதமூர்த்தி.