சொந்த வேரைக் கடித்த கரடி

ஓடைக்கரைக் காட்டுக்கு ஒரு பெண் கரடி வந்து சேர்ந்தது. அதன் வாயில் ஈரப்பாசி சுற்றிய மூன்று திராட்சைக் குச்சிகள் இருந்தன. அது பிறந்த மலைச்சரிவு ஐப்பசி மழையில் அப்படியே இடிந்து விழுந்துவிட்டது. மலையில் மிச்சம் அந்த மூன்று குச்சிதான்.

அந்தச் சரிவில் பழுத்து உதிர்ந்த கறுப்புத் திராட்சை, பாறைக் குழியில் கிடந்து ஊறி நுரை தள்ளும். தாய்க் கரடியோடு அந்தச் சாற்றை நக்கிக் குடித்த ருசி இன்னும் நாக்கை விட்டுப் போகவில்லை. வேறு எதைத் தின்றாலும் கரடிக்குத் தின்றதாகவே படவில்லை.

முதல் குச்சியை ஓடைக்கரையில் நட்டது. துளிர்த்தது, மாசியில் கருகிப் போனது. இரண்டாவதுக்கும் அதே கதி.

"கரடியக்கா! இந்த மண்ணில் வேர்ப்பூச்சி உண்டு. மலைத் திராட்சையின் வேர் என்றால் அதுக்குக் கல்யாணச் சாப்பாடு!" என்றது அங்கே வளை தோண்டிக் குடியிருந்த முள்ளம்பன்றி.

"போடா! புற்றோடு கறையானை உறிஞ்சுகிறவள் நான். பொடிப் பூச்சிக்கா பயப்படுவேன்?"

"கண்ணுக்குத் தெரிந்தால்தானே உறிஞ்சுவாய்!"

கரடிக்குச் சுருக்கென்றது.

"என் வளை வாசலில் ஒரு காட்டுத் திராட்சைக் கொடி நிற்கிறது" என்றது முள்ளம்பன்றி. "பழத்தை வாயில் வைக்க முடியாது, அத்தனை புளிப்பு. ஆனால் வேர் இரும்பு! எந்தப் பூச்சிக்கும் பல் இறங்காது. அதை நறுக்கி, உன் குச்சியைச் செருகிக் கட்டுவோம். வேர் என்னுடையது, கொடி உன்னுடையது. பழம் ஆளுக்குப் பாதி!"

"பாதியா! கால் பங்கு தருகிறேன்."

"இருப்பது ஒரே குச்சி, அக்கா. இதில் பேரம் வேறா?"

கரடி பல்லைக் கடித்துக்கொண்டு, "சரி, பாதி!" என்றது.

முள்ளம்பன்றி கொடியை ஒரு சாண் உயரத்தில் நறுக்கி, நடுவில் பிளந்தது. கரடி குச்சியின் அடியை ஆப்பு போலச் சீவிச் செருகியது. இரண்டும் சேர்ந்து கற்றாழை நாரால் இறுக்கிக் கட்டின.

"ஒட்டுப் போட்ட இடம் எப்போதும் மண்ணுக்கு மேலேயே இருக்கணும். மண் மூடினால் உன் குச்சி தானே வேர் விட்டுவிடும். மறந்துடாதே!" என்றது முள்ளம்பன்றி.

ஒட்டு பிடித்தது. துளிர் வந்தது. கரடிக்குத்தான் மனம் ஆறவில்லை. அம்மாவின் கொடி யாரோ ஒருத்தன் காலில் நிற்கிறதே!

ஒரு நாள் முள்ளம்பன்றி கிழங்கு தோண்டப் போயிருந்தது. கரடி மண்ணை வாரி வாரி, ஒட்டு மறையும் மட்டும் குவித்து, மேலே சருகைப் பரப்பி மறைத்தது.

"நீயே வேர் விடு, தாயே! யார் தயவும் நமக்கு வேண்டாம். பாதிப் பழமும் கொடுக்க வேண்டாம்!"

கொடி வேர் விட்டது. இரண்டு கோடை தழைத்தது. மூன்றாம் ஆண்டு, பூ வைக்கும் நேரத்தில் இலையெல்லாம் மஞ்சளித்துத் தொங்கின.

முள்ளம்பன்றி மண்ணைப் பறித்துப் பார்த்தது. முள்ளெல்லாம் சிலிர்த்துக்கொண்டது.

"அடிப்பாவி! உன் வேரைப் பூச்சிக்குப் பந்தி வைத்துவிட்டு, என் வேரைப் பட்டினி போட்டிருக்கிறாயே!"

கரடி தலையைத் தொங்கப் போட்டது. "இனி ஒன்றும் செய்ய முடியாதா?"

"கீழே ஒரே ஒரு வேரில் உயிர் இருக்கிறது. ஒட்டுக்கு மேலே முளைத்த உன் வேரை எல்லாம் அறுத்துவிட்டால் பிழைக்கலாம். பிழைக்காமலும் போகலாம்."

"நீ அறுத்துவிடு. என்னால் ஆகாது."

"மூடியவள் நீ. நீயே அறு!"

கரடி குனிந்து அந்த வேர்களை முகர்ந்தது. இடிந்துபோன சரிவின் வாசனை அடித்தது போலிருந்தது. பிறகு ஒவ்வொன்றாகக் கடித்து எறிந்தது. கண்ணீர் வழிந்து மூக்கு நுனியில் தொங்கியது.

இரண்டு ஆண்டு கழித்துப் பதினொரு கொத்து பழுத்தது. ஆளுக்கு ஐந்து எடுத்துக்கொண்டன. மிஞ்சிய கொத்தைக் கரடி முள்ளம்பன்றியின் பக்கம் தள்ளியது.

"என்ன அக்கா, உடம்பு சரியில்லையா?"

"எடுத்துக்கொண்டு பேசாமல் போடா!"

கரடி தன் பங்கை அங்கிருந்த ஒரு பாறைக் குழியில் போட்டு, நுரை வரும்வரை காத்திருந்து நக்கிப் பார்த்தது. அதே இனிப்பு! ஆனால் தொண்டையில் இறங்கும்போது ஓடைக்கரையின் துவர்ப்பும் லேசாக ஒட்டியது. மலை முழுசாகத் திரும்பி வரவில்லை. வந்த மட்டுக்கும் போதுமென்று, கரடி கண்ணை மூடிக்கொண்டு கடைசிச் சொட்டு வரை நக்கியது.

நீதி: விட்டு வந்த மண்ணை நினைத்து ஏங்குவதில் தப்பில்லை; அதற்காக, வந்த மண்ணில் நம்மைத் தாங்குகிற வேரைப் பட்டினி போடக் கூடாது.