கரடிக்கு வாய்த்த எறும்பு பக்தர்கள்

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னவள் என் நாத்தனார் கனகவல்லி. என் மூத்தவனுக்குக் காது குத்திய அன்று, பந்திக்கு லட்டு உருட்டிக்கொண்டே சொன்னாள். அவள் சொன்னபடியே சொல்கிறேன், கேளுங்கள் பிள்ளைகளே.

மலையை ஒட்டிய ஒரு காட்டில் சடையாண்டி என்றொரு கரடி இருந்தது. மற்ற கரடிகள் கறையான் புற்றைத் தோண்டும், கிழங்கு அகழும், எறும்பைக்கூட நக்கித் தின்னும். சடையாண்டிக்கு அதெல்லாம் கௌரவக் குறைச்சல். காலையில் தேன், மதியம் தேன், சாயங்காலம் இலுப்பைப் பூ. நடுவில் பசித்தால்? வேறென்ன, கொஞ்சம் தேன்.

"நாலு கறையானாவது தின்னுங்களேன். வெறும் தித்திப்பிலேயே உடம்பு எத்தனை நாள் ஓடும்?" என்று கேட்டது அதன் பெண்சாதி பூவாயி.

"கறையான் கண்டவன் தின்பது. நான் யார் தெரியுமா?"

"தெரியாமல் என்ன? மூஞ்சி முழுக்க ஈ மொய்க்க உட்கார்ந்திருக்கிறவர்."

ஒருநாள் காலையில் சடையாண்டி வேங்கை மரத்தடியில் ஒன்றுக்குப் போய்விட்டுத் திரும்பிப் பார்த்தது. மரத்தடியில் பிள்ளையார் எறும்புகள் வரிசை வரிசையாகத் தலை கவிழ்ந்து நின்றன. மறுநாள் வேறு மரத்துக்குப் போனது. அங்கேயும் அதே கூட்டம். சடையாண்டி எங்கே போனாலும் பின்னாலேயே ஊர்வலம்.

சடையாண்டி பூரித்துப் போனது.

"பூவாயி! நான் நின்ற இடத்தைக்கூட எறும்புகள் விழுந்து கும்பிடுகின்றன. அதுவும் யார்? பிள்ளையார் எறும்புகள்! சாமிக்கே என் அருமை தெரிந்துவிட்டது."

"கும்பிட வந்தால் உங்கள் முகத்தையல்லவா பார்க்க வேண்டும்? அவை மண்ணைப் பார்த்துக்கொண்டு என்ன செய்கின்றன?"

"அதற்குப் பெயர்தான் பணிவு. உனக்கு எங்கே புரியப் போகிறது!"

எறும்புத் தலைவி முன்னால் வந்து கொம்பை ஆட்டி வணங்கியது. "மகாராஜா! தாங்கள் நின்ற மண்ணே எங்களுக்குப் பிரசாதம். ஆனால் தாங்கள் இளைத்துவிட்டீர்கள். மேற்குப் பாறையில் புதுத் தேனடை இருக்கிறது. குறை வைக்காமல் அமுது செய்யுங்கள்."

இளைத்தது உண்மைதான். தின்னத் தின்ன உடம்பு வற்றியது. ஓடையில் பாதியைக் குடித்தாலும் தாகம் அடங்கவில்லை. மகாராஜாவுக்குத் தாகமும் பெரிதாகத்தானே இருக்கும்! குடித்த கையோடு மரத்தடிக்கு ஓட வேண்டியிருந்தது. பக்தர்களைக் காக்க வைக்கலாமா?

பிறகு கண் மங்கியது. ஒருநாள் ஒரு கரும்பாறையைப் பூவாயி என்று நினைத்து, வெயில் சாயும்வரை திட்டித் தீர்த்தது. பாறை எதிர்த்துப் பேசவில்லை. 'பரவாயில்லை, இவளுக்கும் மரியாதை வந்துவிட்டது' என்று சந்தோஷமாக வீடு திரும்பியது.

அப்படித் திரும்பிய அன்றுதான், பாதத்தில் விரல் நீளத்துக்கு ஒரு முள் ஏறியிருப்பதைப் பூவாயி பார்த்தது.

"ஐயோ, ரத்தம் வடிகிறதே! வலிக்கவில்லையா?"

"எனக்கா? வலியெல்லாம் சின்ன ஆட்களுக்கு" என்றது சடையாண்டி.

முள்ளை எடுத்தாயிற்று. புண் மட்டும் ஆறவில்லை. நாளுக்கு நாள் அகலமானது. காலில்லாத கரடி மரம் ஏறுமா, மண் தோண்டுமா? பூவாயி தேனை விடும்படி கெஞ்சியது. சொல்லிப் பார்த்தது, அழுது பார்த்தது. கடைசியில் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் தன் அண்ணன் கரடிக்குச் சொல்லியனுப்பியது.

அண்ணன் கரடி வந்து சேர்ந்தது.

"வாங்க மச்சான்! நல்ல சமயத்தில் வந்தீர்கள். நாளைக் காலையில் என்னோடு வந்து என் மரியாதையைப் பாருங்கள்" என்றது சடையாண்டி.

"பார்த்துவிடுவோம் மாப்பிள்ளை."

விடிந்ததும் இரண்டும் கிளம்பின. மச்சான் ஒரு புங்க மரத்தடியில் ஒதுங்கியது. சடையாண்டி வேங்கை மரத்தடியில் ஒதுங்கியது. எங்கிருந்துதான் வந்தனவோ, எறும்புகள் சாரை சாரையாக வேங்கை மரத்துக்கு ஓடின. புங்க மரத்தடியை ஓர் எறும்பும் எட்டிப் பார்க்கவில்லை.

"பார்த்தீர்களா மச்சான்! உங்களை ஒரு குஞ்செறும்புகூட மதிக்கவில்லை."

மச்சான் குனிந்து மண்ணை மோந்து பார்த்தது. நிமிர்ந்தபோது அதன் முகத்தில் சிரிப்பில்லை.

"மாப்பிள்ளை, இவை கும்பிடவில்லை. பந்தியில் உட்கார்ந்திருக்கின்றன."

"பந்தியா? இங்கே என்ன பரிமாறியிருக்கிறது?"

"நீங்கள் தின்ற தேன்தான். உங்கள் உடம்பு தாங்க மாட்டாமல் அதை வெளியே கொட்டுகிறது."

சடையாண்டிக்குக் கோபம் வந்தது. எறும்புத் தலைவியைக் கூப்பிட்டது. "இவர் சொல்வது பொய் என்று சொல்!"

எறும்புத் தலைவி வாயைத் துடைத்துக்கொண்டது. "மகாராஜாவிடம் பொய் சொல்வோமா? நல்ல தித்திப்பு. எங்கள் பிள்ளைகள் எல்லாம் கொழுகொழுவென்று வளர்ந்துவிட்டன."

"அப்படியானால் என் காலடியில் விழுந்து கிடந்ததெல்லாம்?"

"அந்தக் காலிலும் ஆரம்பித்துவிட்டோமே, மகாராஜா பார்க்கவில்லையா?"

சடையாண்டி குனிந்து, மங்கிய கண்ணைச் சுருக்கிப் பார்த்தது. ஒரு வரிசை புண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தது. இன்னொரு வரிசை வெளியே வந்துகொண்டிருந்தது.

"முன்பெல்லாம் உங்கள் இனத்தாரின் நாக்கு எங்கள் புற்றுக்குள் நுழையும்" என்றது எறும்புத் தலைவி, மிகுந்த பணிவோடு. "இப்போது நாங்கள் உங்களுக்குள் நுழைகிறோம். காலம் மாறிவிட்டது, மகாராஜா."

சடையாண்டி அலறியது. "மச்சான்! வலிக்கவில்லையே! இத்தனை எறும்பு இருந்தும் எனக்கு வலிக்கவே இல்லையே!"

மச்சான் அதை ஓடைக்கு இழுத்துப் போனது. பூவாயி புண்ணைக் கழுவியது. அன்று முதல் தேன் இருந்த திசைக்கே சடையாண்டியை விடவில்லை. நொண்டி நொண்டியாவது தினமும் காடு சுற்ற வேண்டும், கறையானும் கிழங்கும்தான் சாப்பாடு என்று கறாராகச் சொல்லிவிட்டது. புண் ஆறுவதற்குள் மழைக்காலம் வந்து போனது. இரண்டு விரல்கள் போயின. தெய்வாதீனமாகப் பாதம் தப்பியது.

மரத்தடியில் கூட்டமும் குறைந்துகொண்டே வந்தது. ஒருநாள் காலையில் ஓர் எறும்புகூட வரவில்லை.

"அடடா, மகாராஜாவுக்கு இன்று ஒரு பக்தன்கூட இல்லையே!" என்றது பூவாயி.

சடையாண்டி நொண்டிக்கொண்டே வந்து, பூவாயி தோண்டி வைத்திருந்த கறையான் புற்றில் வாயை வைத்தது.

"இன்னும் கொஞ்சம் இருக்கிறதா?" என்று கேட்டது.

நீதி: தித்திப்பை அளவில்லாமல் தின்றால், உடம்பு அடுத்தவருக்குத் தீனியாகும்.

கதை முடிந்தது. எழுந்து போய் வாயைக் கொப்பளித்துவிட்டு வாருங்கள், சாமிகளா.