சடச்சி ஒடித்த தும்பை

வைத்தியர் பரமானந்தம் காய்ச்சிய கஷாயத்தைக் குடித்ததும் ஜமீன்தாரின் வயிறு போட்ட சத்தத்தில் அரண்மனைப் புறாக்கள் பக்கத்து ஊருக்கே குடிபோய்விட்டன. நம்பாதவர்கள் புறாக்களையே கேட்டுக்கொள்ளலாம்.

"நான் கேட்டது தும்பை. இந்தச் சடச்சி பெருந்தும்பையைப் பறிச்சிட்டு வந்துட்டா!" என்று பச்சிலை பறிப்பவள் மேல் பழியைத் தூக்கிப் போட்டார் வைத்தியர்.

"பொழுது சாயறதுக்குள்ள ஊரை விட்டுப் போயிடு," என்றார் ஜமீன்தார்.

"போறேன் எசமான். ரெண்டும் அக்கா தங்கச்சி மாதிரி இருக்கும். வித்தியாசத்தை வைத்தியரய்யா ஒருதரம் காட்டட்டும்." வேலியோரம் போன சடச்சி இரண்டு கொத்துகளோடு திரும்பினாள்.

வைத்தியர் ஒன்றை முகர்ந்தார். "ஆகா, அசல் தும்பை!" மற்றதை முகர்ந்ததும் முகம் சுளித்தார். "சீ, பெருந்தும்பை! நனைஞ்ச நாய் நாத்தம்!"

"ஆமாமா, குடலைப் புரட்டுது," என்று ஜமீன்தாரும் மூக்கைப் பொத்தினார்.

சடச்சி இரண்டு கொத்துகளின் ஒடிந்த முனைகளையும் சேர்த்துப் பிடித்தாள். கச்சிதமாகப் பொருந்தின. ஒரே செடியைத்தான் இரண்டாக ஒடித்திருந்தாள்.

வைத்தியர் அப்போதே மூட்டையைக் கட்டினார்.

ஜமீன்தார் மெல்லச் செருமினார். "எனக்கு ரெண்டு நாளா ஜலதோஷம் சடச்சி. அதான் வாசனை பிடிபடலை."

"அதுக்குத் தும்பைச்சாறுதான் மருந்து எசமான்," என்றாள் அவள். "இதுல எந்தப் பாதி வேணும்?"