கோவுக்கு வாய்த்த வென்ட்

சொற்களுக்கெல்லாம் கையும் காலும் வாயும் இருந்த அந்தக் காலத்தில், ஆங்கிலத்து வினைச்சொற்கள் எல்லாரும் ஒரே ஊரில் குடியிருந்தார்கள். ஊருக்கு நடுவில் ஓர் ஆறு ஓடியது. இந்தக் கரைக்கு இன்று என்று பெயர், எதிர்க்கரைக்கு நேற்று. நாளை என்பது ஊருக்குப் பின்னால் இருந்த மேட்டு நிலம். அதற்கு வேலியும் இல்லை, வாசலும் இல்லை, யார் வேண்டுமானாலும் ஏறலாம். மனிதர்கள் நடப்பதைச் சொன்னால் வினைகள் இன்றுக்கரையில் வேலை பார்ப்பார்கள். நடந்து முடிந்ததைச் சொன்னால் பாலத்தைத் தாண்டி நேற்றுக்கரையில் போய் நிற்க வேண்டும். அங்கே நிற்க ஆள் இல்லாவிட்டால் நடந்தது நடக்காததாகிவிடும். அதைச் செய்தவனுக்கே மறந்து போகும்.

அந்த ஊரிலேயே ஓய்வில்லாதவள் கோ. போவதுதான் அவள் வேலை. பள்ளிக்கூடம் போகிற பிள்ளை, சந்தைக்குப் போகிற வண்டி, கடலுக்குப் போகிற படகு, மனமில்லாமல் மாமியார் வீட்டுக்குப் போகிற மாப்பிள்ளை, எல்லாருக்கும் முன்னால் அவள் ஓட வேண்டும். அவள் உட்கார்ந்து சாப்பிட்டு யாரும் பார்த்ததில்லை. தோசையைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். அதில் அவளுக்குக் குறையொன்றும் இல்லை. ஓடுவதுதான் அவளுக்குச் சந்தோஷம்.

அவளுக்கு வினை வந்தது ஒரு விருந்தால். அதுவும் அவள் சாப்பிடாத விருந்தால்.

அந்த ஊர் நாட்டாண்மையின் பெயர் ரூல். கண்டிப்பான மனிதர், நாக்கு மட்டும் கொஞ்சம் நீளம். ஒருநாள் குக் என்ற சமையல்காரன் நேற்றுக்கரையில் நின்றுகொண்டு, "விருந்து! பாயசத்தோட விருந்து!" என்று கூவினான். ரூல் குளித்து, சலவை வேட்டி கட்டி, காலைப் பலகாரத்தையும் வேண்டாமென்று ஒதுக்கிவிட்டு ஆற்றைக் கடந்து போனார். போனால் எச்சில் இலைகூட எடுத்தாகிவிட்டது. பாயசப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள்.

"விருந்துன்னியேடா?"

"ஆமாங்கய்யா. ஆனா அது முடிஞ்சு போச்சுங்களே!"

இரண்டு கரையிலும் வினைகள் ஒரே கோலத்தில் திரிந்ததால் வந்த குழப்பம் அது. முடிந்ததா, நடக்கிறதா என்று பார்த்த மாத்திரத்தில் தெரியாது. ரூல் வெறும் வயிற்றோடு திரும்பி வந்து சட்டம் போட்டார். பசியில் போட்ட சட்டம் என்பதால் அதில் ஈவிரக்கம் இல்லை. நேற்றுக்கரைக்குப் போகிற எல்லாரும் இனிமேல் பின்னால் எட் என்ற வாலைக் கட்டிக்கொண்டுதான் போக வேண்டும்.

தையற்காரி ஸ்டிச் அக்கா ஊருக்கெல்லாம் வால் தைத்தாள். குக் வாலோடு குக்ட் ஆனான், வாக் வாக்ட் ஆனான். தாத்தா காலத்து உடுப்பு வைத்திருந்த சில பழைய வீட்டுக்காரர்கள் மட்டும் நாட்டாண்மையின் கையைக் காலைப் பிடித்து அதையே போட்டுக்கொள்ள அனுமதி வாங்கினார்கள். பாலத்து வாசலில் முள்வேலி போட்டு, ஸ்டாப் என்ற காவல்காரனை நிறுத்தினார்கள். பெயருக்கேற்ற ஆள். வால் இல்லாத ஈயைக்கூட விடமாட்டான்.

கோவுக்கு அளவெடுக்க ஸ்டிச் அக்கா வந்தாள்.

"கொஞ்சம் நில்லுடி. இடுப்பளவு எடுக்கணும்."

"ஓடிக்கிட்டே எடுங்கக்கா. சந்தைக்கு நேரமாச்சு."

ஸ்டிச் அக்கா கனத்த உடம்புக்காரி. அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு தெருமுனை வரை ஓடினாள். அதற்கு மேல் மூச்சு வாங்கியது. வேறு வழியில்லாமல் கண்ணளவில் ஒரு வாலைத் தைத்துக் கொடுத்தாள். அது முழ நீளம் கூடிவிட்டது. கோ அதைக் கட்டிக்கொண்டு வழக்கமான வேகத்தில் பாலத்தில் ஏறினாள். வால் முள்வேலியில் மாட்டியது. அவள் நிற்கவில்லை, அவளுக்கு நிற்கத் தெரியாதே! டர்ரென்று கிழிந்தது. வால் வேலியில் தொங்கியது, கோ ஆற்றில் கிடந்தாள்.

இரண்டு கரையும் சிரித்தது. ஸ்டாப் மட்டும் சிரிக்காமல் கையை நீட்டினான். "வால் இல்லேன்னா உள்ள விட முடியாதும்மா."

அன்றைக்கே குழப்பம் தொடங்கிவிட்டது. கடலுக்குப் போய் வந்த மீனவன் கூடை நிறைய மீனோடு வாசலில் நின்றான். "எங்கய்யா போயிருந்தே?" என்று பெண்டாட்டி கேட்டதற்குத் திருதிருவென்று முழித்தான். "மீனு வாங்கக் காசு ஏது?" என்று அவள் வேறு பக்கம் சண்டையை ஆரம்பித்தாள். மாமியார் வீட்டுக்குப் போய் வந்த மாப்பிள்ளை, போனதே நினைவில்லாமல் மறுபடியும் போய் நின்றான். மாமியாருக்கும் நினைவில்லை. அவள் மறுபடியும் கோழி அடித்தாள். மாப்பிள்ளைக்குச் சந்தோஷம்தான், கோழிக்குத்தான் பாவம்.

கோவுக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை காலம் இத்தனை பேருக்காக ஓடியிருக்கிறோம், அதில் ஒரு நடை யாருக்காவது நினைவிருக்கிறதா? போன இடமெல்லாம் போகாத இடமாகிவிட்டதே என்று அழுதாள். அழுததும் ஓடிக்கொண்டேதான்.

ரூல் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். "ஆத்துத் திருவிழா வருது. அன்னிக்கு எல்லா வீடும் நேத்துக்கரையில வந்து நிக்கணும். நீ வரலேன்னா உன் வேலையைப் பிரிச்சுக் குடுத்துருவேன். நடந்து போறத வாக் பாத்துப்பான், ஓடிப் போறத ரன் பாத்துப்பான். உனக்கென்ன கவலை, நிம்மதியா வீட்டுல உக்காரு."

உட்காரு என்றதும் கோ வாசலைப் பார்த்து ஓடினாள். தூக்கில் போடு என்றிருந்தால்கூட இத்தனை பயந்திருக்கமாட்டாள்.

திருவிழாவும் வந்தது. மேளம், பலூன், ராட்டினம் என்று ஊர் அமர்க்களப்பட்டது. வினைகள் வாலை உதறிக் கட்டிக்கொண்டு வரிசையாகப் பாலமேறினார்கள். ஸ்டாப் ஒவ்வொருவரிடமும் "எந்த வீடு?" என்று கேட்டு உள்ளே விட்டான். கோ வாசலுக்கு வெளியே இங்குமங்கும் ஓடிக்கொண்டிருந்தாள். உள்ளே விடவும் இல்லை, விட்டுப் போகவும் மனமில்லை.

குக்கின் தம்பி வந்தான். "அண்ணன் அடுப்படிய விட்டு வர முடியலங்க."

"அதுக்கென்ன? வீட்டுக்கு ஒருத்தர் வந்தாப் போதும். வீடே வந்த மாதிரிதான்" என்று ஸ்டாப் வழிவிட்டான்.

அது கோவின் காதில் விழுந்தது. அவள் வீட்டில் அவளைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்?

அந்த நேரம் பார்த்துத்தான் வெண்டு வந்து சேர்ந்தான். வெண்டு ஆற்று வளைவில் குடியிருப்பவன். அவனுக்கும் போவதுதான் தொழில், ஆனால் நேராகப் போகத் தெரியாது. வளைந்து, நெளிந்து, பூவைப் பார்த்து, புளிய மரத்தடியில் கொஞ்சம் நின்று, மெல்லப் போய்ச் சேருவான். அதனால் மனிதர்கள் அவனை அதிகம் கூப்பிடுவதில்லை. பழைய வீட்டுக்காரன் என்பதால் அவனுக்கு வால் வேண்டாம். உடம்போடு ஒட்டித் தைத்த தாத்தா காலத்துச் சட்டை ஒன்று உண்டு. அதைப் போட்டுக்கொண்டு நேற்றுக்கரையில் இறங்கினால் அவன் பெயர் வென்ட். கோ ஆற்றில் விழுந்தபோது, காவல்காரனைத் தவிர, சிரிக்காதவன் அவன் ஒருவன்தான். கையில் கம்பு எடுத்துக்கொண்டு அவளைத் தூக்கிவிடக் கிளம்பினான். அவன் வந்து சேர்வதற்குள் கோ கரையேறி, துணி காய்ந்து, சந்தைக்கும் போய்விட்டாள்.

இப்போதும் அவன் கையில் அந்தக் கம்பு இருந்தது. இன்னொரு கையில் ஒற்றைச் செருப்பு.

"இது உன்னுதுதானே கோ? வேப்பமரத்தடியில விட்டுட்டுப் போனே. மீன்காரரு கடலுக்குக் கிளம்பின அன்னிக்கு."

கோ திடுக்கிட்டாள். "நான் போனது உனக்கு எப்படி ஞாபகம் இருக்கு? போனவருக்கே இல்லியே!"

"அவருக்கு ஆயிரம் வேலை. எனக்கு என்ன வேலை? நீ போறதப் பாக்குறதுதான்." வெண்டு தலையைக் குனிந்துகொண்டான். "மாப்பிள்ளைக்கு முன்னாடி நீ முணுமுணுத்துக்கிட்டே போனே. பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களோட பாடிக்கிட்டுப் போனே. எல்லாம் ஞாபகம் இருக்கு."

கோவின் கால் ஒரு கணம் தடுமாறியது. தன் வாழ்க்கையெல்லாம் ஆற்றோடு போய்விட்டதென்று நினைத்திருந்தாள். அது இங்கே ஒருவனிடம் பத்திரமாக இருந்திருக்கிறது! அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. யோசித்துச் செய்கிற பழக்கம் அவளுக்கு எப்போதும் கிடையாது.

"வெண்டு, என்னைக் கட்டிக்கிறியா?"

மேளம் நின்றது. ஊரே வாயைப் பிளந்து பார்த்தது.

"நீ என் வீட்டுக்காரனாயிட்டா நம்ம வீடு ஒரே வீடு. நேத்துக்கரையில நீ நின்னா நான் நின்ன மாதிரி. இன்னிக்கும் நாளைக்கும் நான் பாத்துக்கிறேன், நேத்தைக்கு நீ பாத்துக்கோ. ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். ஜனங்க ஓயாம எங்கியாவது போயிட்டுத்தான் இருப்பாங்க. அந்தக் கரைக்குப் போனா நீ இந்தப் பக்கம் வர நேரமே இருக்காது. சம்மதமா?"

வெண்டு பதில் சொல்லத் தொடங்கினான். நேராகச் சொல்லிவிட்டால் அவன் வெண்டு இல்லையே. ஆற்று வளைவில் அவன் கட்டிய வீட்டில் ஆரம்பித்து, அதற்கு வாசல் எந்தப் பக்கம் என்று சொல்லி, வாசலிலிருந்து பார்த்தால் எந்தெந்தப் பாதை தெரியும் என்று விளக்கி, அந்தப் பாதைகளில் யார் ஓடுவாள் என்பதற்கு வருவதற்குள் ராட்டினத்துப் பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். கோ அவனைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தாள்.

"உண்டா இல்லையா, அதச் சொல்லுப்பா!" என்று ஸ்டிச் அக்கா பொறுமையிழந்து கத்தினாள்.

"அதத்தாங்கக்கா சொல்லிக்கிட்டிருக்கேன்" என்றான் வெண்டு. "வேகமாப் போறது எனக்கு வராது. போய்ச் சேந்தத உக்காந்து சொல்றது வரும். சின்ன வயசுலேருந்தே சம்மதம்."

குலவைச் சத்தம் இரண்டு கரையிலும் கேட்டது. ரூல் மட்டும் கோலைத் தட்டினார். "இருங்க, இருங்க! இது சட்டத்துல இருக்கா?"

"வீட்டுக்கு ஒருத்தர் வந்தாப் போதும்னு வழக்கம் இருக்குங்களே" என்றான் ஸ்டாப். அந்தக் காவல்காரன் அவனாக யாருக்காவது பரிந்து பேசியது அன்றுதான்.

ரூல் தாடையைச் சொறிந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "கல்யாணம்னா விருந்து உண்டா?" என்று கேட்டார்.

இன்றுக்கரையிலிருந்து குக் கூவினான். "பாயசத்தோட விருந்துங்கய்யா! வந்து பாருங்க, பின்னால வாலே இல்ல. இப்பத்தான் கொதிக்குது!"

ரூலுக்கு அதற்கு மேல் சட்டம் எதுவும் தோன்றவில்லை.

பாலத்து நடுவில் மாலை மாற்றினார்கள். மணப்பெண் மாலையைப் போட்டுவிட்டு ஓடினாள், திரும்பி வந்து கழுத்தை நீட்டினாள், மறுபடி ஓடினாள். வெண்டு தாத்தா சட்டையைப் போட்டுக்கொண்டு நேற்றுக்கரையில் இறங்கி, வென்ட் என்று நின்றான். அவ்வளவுதான், மீனவனுக்குக் கடல் நினைவுக்கு வந்தது. பெண்டாட்டி மீனைக் கழுவப் போனாள். மாமியாருக்குக் கோழிக் கணக்கு நினைவுக்கு வந்தது. மாப்பிள்ளை சத்தமில்லாமல் ஊரைப் பார்க்கக் கிளம்பினான். கோ ஓடிய ஓட்டமெல்லாம் ஒவ்வொன்றாகக் கரையேறி வந்து அவனைச் சுற்றி நின்றது.

புருஷன் ஒரு கரை, பெண்டாட்டி ஒரு கரை என்றால் குடித்தனம் எப்படி நடக்கும் என்று ஊரார் கேலி பேசினார்கள். அதற்கு ஹேவ் வழி செய்தாள். ஹேவ் படகுக்காரி. அவளுடைய படகு இந்தக் கரையை முழுசாக விடாது, அந்தக் கரையில் முழுசாகச் சேராது. நடு ஆற்றிலேயே நிற்கும். "என் படகுல ஏறிக்கோ. பாலமில்ல, வாசலில்ல, ஸ்டாப் கேக்கமாட்டான்" என்றாள். கோ ஏறினாள். எதிர்க்கரையில் வென்ட் தண்ணீரில் காலை நனைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தான். அதைக் கேட்டுக்கொண்டு அவள் உட்கார்ந்தாள். ஆமாம், கோ உட்கார்ந்தாள்! இதுதான் சமயமென்று ஸ்டிச் அக்கா நாடாவோடு படகில் குதித்து, அவளுக்கு அளவாக ஒரு மேலாடை தைத்துப் போட்டாள். அந்த மேலாடையில் அவள் பெயர் கான், படகுக்காரியோடு சேர்த்துச் சொன்னால் ஹேவ் கான்.

"இப்பத்தான் அளவு கிடைச்சிருச்சே" என்று ரூல் ஏப்பம் விட்டபடி கரையிலிருந்து கேட்டார். "அந்த வாலையும் தச்சுடலாமா? நீயே நேரா அந்தக் கரைக்குப் போகலாம்."

"வேண்டாங்கய்யா" என்றாள் கோ. "அங்க என் வீட்டுக்காரரு இருக்காரு."

ஒரே சட்டையைப் பெண்டாட்டி வேலைக்கே வைத்துக்கொண்ட வெண்டு, என்றைக்காவது தன் சொந்த வேலைக்காக நேற்றுக்கரையில் நிற்க நேர்ந்தால், ஸ்டிச் அக்காவிடம் சாதாரண வால் ஒன்றை வாங்கிக் கட்டிக்கொண்டு வெண்டெட் என்று நிற்கிறான். அவனுக்கு அதில் வருத்தமே இல்லை. கோவின் கிழிந்த வால் இன்னும் அந்த முள்வேலியில் தொங்கிக்கொண்டிருக்கிறது. புதிதாகப் பேசக் கற்றுக்கொள்கிற சின்னப் பிள்ளைகள் அதைப் பார்த்ததும் பறித்துக்கொண்டு, "கோவெட்! கோவெட்!" என்று கத்திக்கொண்டு ஓடி வருகிறார்கள். பெரியவர்கள் திருத்துகிறார்கள். கோ மட்டும், இன்னும் ஞாபகம் வைத்திருக்கிறார்களே என்று விழுந்து விழுந்து சிரிக்கிறாள்.

அன்றிலிருந்துதான், உலகத்தில் எவர் எங்கே போய் வந்து எதைச் சொன்னாலும், போகும்போது கோ முன்னால் ஓடுகிறாள், போனதை வென்ட் காத்து நிற்கிறான்.