விளக்கெண்ணெய் குடித்த வண்டி

கொக்கரப்பட்டியில் புத்திசாலிகளுக்குக் குறைவே இல்லை என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்வார்கள். வெளியூர்க்காரர் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அந்தப் புத்திசாலிகளிலும் பெரிய புத்திசாலி சேவுகன். அவனும், அவன் பெண்டாட்டியின் தம்பி பொன்ராசுவும், பக்கத்துத் தெரு அந்தோணிசாமியும் கூட்டாக ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருந்தார்கள்.

கூட்டுச் சொத்து என்பதால் பாகப்பிரிவினை ஒழுங்காக நடந்திருந்தது. முன்சக்கரம் பொன்ராசுவுக்கு, பின்சக்கரம் அந்தோணிசாமிக்கு, நடுவில் இருக்கிற இன்ஜின் சேவுகனுக்கு. முன்சக்கரம் பஞ்சரானால் மற்ற இருவரும் பொன்ராசு வீட்டுக்குப் போய்த் துக்கம் விசாரித்துவிட்டு வருவார்கள். இதற்கென்று ஒரு சங்கமும் இருந்தது. சேவுகன் தலைவர், பொன்ராசு செயலாளர், அந்தோணிசாமி பொருளாளர். உறுப்பினர் என்று யாரும் கிடையாது. தகுதியான ஆள் அகப்படவில்லை.

மார்கழி மாதம் டவுனில் நாச்சியப்பன் ஆயில் கடை வாசலில் ஒரு பேனர் கட்டினார்கள். இன்ஜினைப் பிரிக்காமல் அதிக தூரம் ஓடிய வண்டிக்கு ஒரு புது வண்டி பரிசு. போகியன்று மீட்டரைக் கொண்டுவந்து காட்ட வேண்டும்.

சங்கம் கூடியது. அவர்கள் வண்டி ஏறக்குறைய ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடியிருந்தது. பிரிக்கத் தெரியாததால் யாரும் இன்ஜினைப் பிரித்ததும் இல்லை.

"மீட்டரைத்தானே கொண்டுவரச் சொல்றாங்க? கழட்டி மஞ்சப்பையில போட்டு பஸ்ல எடுத்துட்டுப் போயிடலாம் மச்சான்" என்றான் பொன்ராசு.

"போகலாம்டா. திரும்பி வரும்போது புது வண்டி, மீட்டரு, மஞ்சப்பை மூணையும் யாரு தூக்கிட்டு வர்றது?" என்றான் சேவுகன்.

தலைவரென்றால் தலைவர்தான் என்று மற்ற இருவரும் தலையாட்டினார்கள். வண்டியோடு போவதென்று தீர்மானமாயிற்று.

சேவுகனுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. பரிசு வந்த மாதிரியேதான் என்று மாமனார் ஊர்வரை சொல்லி வைத்திருந்தான். அவன் பெண்டாட்டி முத்துராக்கு ஆட்டுக்கொட்டாயைக் காலி செய்து, புது வண்டி நிற்கிற இடத்தில் கோலமே போட்டுவிட்டாள். ஆடுகள் வாசலில் பனியில் நனைந்துகொண்டு நின்றன. வழியில் இன்ஜின் நின்றுபோனால் அந்த ஆடுகளின் முகத்தில் எப்படி விழிப்பது?

ஆகவே மூவரும் வண்டியை மெக்கானிக் தவமணியிடம் உருட்டிக்கொண்டு போனார்கள். தவமணி காதுக்கும் தோளுக்கும் நடுவில் போனைச் செருகிக்கொண்டு, இன்ஜின் சத்தத்தைப் பாதிக் காதால் கேட்டார்.

"ஓடி ஓடித் தேஞ்ச இன்ஜின்டா இது. தண்ணியா இருக்கிற ஆயில் நிக்காது. பழசை இறக்கிட்டு நல்லாக் கெட்டியானதா ஊத்துங்க. செயினும் லூசாத் தொங்குது பாரு, டைட் பண்ணு" என்று சொல்லிவிட்டுப் போன்காரனிடம் திரும்பினார்.

சேவுகன் தன் கழுத்தைத் தடவிப் பார்த்தான். உண்மைதான். வெள்ளிச் செயின் தொப்புள்வரை தொங்கியது. 'மெக்கானிக்குக்கு என்ன கண்ணு!' என்று வியந்துகொண்டே பத்தரிடம் போய், கண்ணிகளைக் குறைத்துக் கழுத்தோடு கழுத்தாக இறுக்கிக்கொண்டான். அதற்கப்புறம் எச்சில் விழுங்கும்போதெல்லாம் அவனுக்குக் கண் பிதுங்கியது. வண்டிக்காக இதுகூடப் பொறுக்கவில்லையென்றால் எப்படி?

அடுத்தது ஆயில். பழையதை இறக்கியாயிற்று. கெட்டியான எண்ணெய் எதுவென்று ஊரெல்லாம் விசாரித்தார்கள். கடைசியில் முத்துராக்குவின் அலமாரியிலேயே அகப்பட்டது. மார்கழிக் குளிரில் தேங்காயெண்ணெய் பாட்டிலுக்குள் மெழுகாக உறைந்திருந்தது. கவிழ்த்துத் தட்டினார்கள். ஒரு சொட்டு விழவில்லை.

"இதுக்கு மேல கெட்டி இந்த ஜில்லாவுலயே கிடையாது" என்றான் அந்தோணிசாமி.

கெட்டிதான், ஆனால் இன்ஜின் துளைக்குள் போகவில்லை. கரண்டிக் காம்பால் குத்தினார்கள். பொன்ராசு விரலை விட்டுத் தள்ளினான். விரல் மாட்டிக்கொண்டு, வெகுநேரம் அவனால் வண்டியை விட்டுப் பிரிய முடியவில்லை.

"உருக்கி ஊத்துனா என்ன மச்சான்?" என்று மாட்டிய விரலோடு கேட்டான்.

"உருக்குனா தண்ணியாயிடும். தண்ணி கூடாதுன்னுதானே மெக்கானிக் சொன்னாரு?"

"அப்ப கெட்டியாவே ஊத்துவோம்."

"கெட்டியா இருந்தா எப்படிடா ஊத்துறது?"

மூவரும் இதைப் பற்றி ஆழ்ந்து யோசித்தார்கள். உள்ளே போனால் கெட்டியில்லை. கெட்டியாக இருந்தால் உள்ளே போகாது. பதில் கிடைக்காததால் தவமணியிடமே திரும்பி, விஷயத்தை முதலிலிருந்து விளக்கினார்கள். கரண்டிக் காம்பு வரைக்கும்தான் அவரால் கேட்க முடிந்தது. தலையில் அடித்துக்கொண்டு கத்தினார்:

"போங்கடா, விளக்கெண்ணெய்களா!"

மூவர் முகமும் மலர்ந்தது. தெருவுக்கு வந்ததும் அந்தோணிசாமி குறைபட்டுக்கொண்டான்.

"எண்ணெய்ப் பேரை முதல்லயே சொல்லியிருந்தா இவ்வளவு அலைச்சல் இருந்திருக்காது தலைவரே."

"களான்னு பன்மையில சொன்னாரு, கவனிச்சியா? ஒரு பாட்டில் பத்தாது" என்றான் பொன்ராசு.

நாட்டு மருந்துக் கடையில் இருந்த விளக்கெண்ணெய் முழுவதையும் வாங்கினார்கள். கடைக்காரர் மூவரையும் இரக்கத்தோடு பார்த்து, இன்றைக்கு வெளியே எங்கும் போகாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார். நாளைக்குத்தான் போகிறோம் என்றான் சேவுகன்.

ஊற்றுவதற்கு முன் அவனுக்கே ஒரு சந்தேகம் வந்தது. இன்ஜின் அவன் பங்கல்லவா?

"விளக்கெண்ணெய் குடிச்சா வயித்தால போகுமே பங்காளி. பாதி வழியில வண்டிக்குப் போச்சுன்னா?"

"மனுசனுக்குக் கீழ போகும். வண்டிக்குப் பின்னால குழா வழியாப் புகையாத்தானே போகும்? போகட்டுமே. உள்ள இருக்கிற அழுக்கெல்லாம் போயிடும்ல?" என்றான் அந்தோணிசாமி.

போகியன்று காலையில் மூவரும் கிளம்பினார்கள். வண்டிக்குப் பின்னால் அப்படி ஒரு வெள்ளைப் புகை. குழாயைத் தாண்டிச் சீட்டுக்கு அடியிலிருந்தும் வந்தது. சாலையோரம் நின்றவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். பள்ளிப் பிள்ளைகள் சிலர், வீட்டில் யாரோ கையில் விளக்கெண்ணெய்ப் பாலாடையோடு துரத்துவதாக நினைத்து ஓடினார்கள். பொன்ராசு திரும்பிப் பார்த்து, "நல்லாப் போகுது மச்சான்!" என்று திருப்தியாகச் சொன்னான்.

டவுன் எல்லையில் சேவுகன் சட்டென்று வண்டியை நிறுத்தினான். மீட்டரில் 99999 என்று நின்றது. மூவரும் இறங்கிச் செருப்பைக் கழற்றிவிட்டு அதைப் பார்த்தார்கள். சேவுகனுக்குத் தொண்டை அடைத்தது. செயின் ஒரு காரணம்.

"இப்படியே உருட்டிக்கிட்டே போயிக் காட்டிடலாமா?" என்று கேட்டான்.

"உருட்டுனாலும் மீட்டர் ஓடும் தலைவரே. தூக்கிட்டுத்தான் போகணும். அதைவிட இன்னும் கொஞ்சம் ஓட்டுனா முழு லட்சம் ஆயிடும். லட்சம்னா தனி மரியாதை" என்றான் அந்தோணிசாமி.

அதுவும் நியாயமாகப் பட்டது. ஓட்டிக்கொண்டுபோய் நாச்சியப்பன் கடை வாசலில், கூட்டத்தின் நடுவில் நிறுத்தினார்கள். சேவுகன் மீட்டரைத் தோள் துண்டால் துடைத்து, "பாத்துக்கங்க!" என்றான்.

நாச்சியப்பன் குனிந்து பார்த்தார். ஐந்து சைபர்கள் வரிசையாக நின்றன.

"என்னப்பா, இந்த வண்டி இன்னும் ஓடவே இல்லையே?"

கூட்டம் சிரித்தது. பொன்ராசுவும் சேர்ந்து சிரித்தான். மற்றவர்கள் நிறுத்திய பிறகுதான் அவனுக்கு அழுகை வந்தது. சேவுகன் மீட்டரை இன்னொரு தடவை துடைத்துப் பார்த்தான். ஆட்டுக்கொட்டாயில் போட்ட கோலம் கண்முன்னே வந்து நின்றது.

"ஐயா, இப்பத்தான் டவுன் எல்லையில எல்லாமே ஒம்பதா இருந்துச்சு. நாங்க செருப்பைக் கழட்டிட்டுப் பாத்தோம்யா" என்று கெஞ்சினான்.

நாச்சியப்பனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அந்த மீட்டரில் ஐந்து இடம்தான் உண்டு. லட்சத்தைத் தொட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஆனால் பரிசு அவருடைய மச்சினன் வண்டிக்கென்று ஏற்கெனவே முடிவாகியிருந்தது. அந்த மச்சினன் மாலை வாங்குவதற்குக் கழுத்தை நீட்டியபடி பக்கத்திலேயே நின்றான்.

"மீட்டர்ல என்ன இருக்கோ அதுதான் கணக்கு" என்று நாச்சியப்பன் கையை விரித்தார். "சாயங்காலம் வரைக்கும் நேரமிருக்கு. போன நம்பரைத் திருப்பிக் கொண்டாங்க, பாப்போம்."

மச்சினன் விழுந்து விழுந்து சிரித்தான். சேவுகன் சிரிக்கவில்லை. அவன் மனசில் வெளிச்சம் அடித்தது. முன்னால் வந்ததால் போன நம்பர், பின்னால் போனால் வந்துதானே ஆக வேண்டும்?

மூவரும் வண்டியைப் பிடித்து, வந்த வழியே பின்பக்கமாகத் தள்ள ஆரம்பித்தார்கள். பஸ்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். ஒரு போலீஸ்காரர் நிறுத்தி விசாரித்து, பதிலைக் கேட்டுவிட்டு, அவரே வழிவிட்டு ஒதுங்கினார். டவுன் எல்லையைத் தாண்டும்போது, நம்பினால் நம்புங்கள், ஐந்து சைபரும் நடுங்கி, புரண்டு, 99999 என்று வந்து நின்றன.

"வந்துடுச்சு!" என்று பொன்ராசு குதித்தான். "திருப்புங்க மச்சான், கடைக்குப் போவோம்!"

ஆனால் சேவுகன் முகம் வெளுத்திருந்தது. வண்டியைத் தள்ளியபடியே பெட்ரோல் டேங்கின் மூடியை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டான். காலையில் அவர்கள் பெட்ரோல் போட்ட பங்க் எதிரே இருந்தது.

"பொறுடா. எல்லாத்தையும்தானே பின்னால கொண்டு வந்திருக்கோம்? வழியில எரிஞ்ச பெட்ரோலும் இந்நேரம் டேங்க்குக்குத் திரும்பியிருக்கும். வழிஞ்சு தீப்பிடிச்சா என்ன ஆகுறது?"

அந்தோணிசாமி இரண்டடி தள்ளி நின்றுகொண்டான். சேவுகன் பயபக்தியோடு வண்டியைப் பங்க்குக்குள் பின்பக்கமாகவே தள்ளிக்கொண்டு போனான். பெட்ரோல் போடுகிறவர் குழாயைத் தூக்கிக்கொண்டு, "எவ்வளவுக்கு?" என்று கேட்டார்.

"போட வேணாண்ணே" என்றான் சேவுகன். "காலையில நீங்க போட்டது இப்பத்தான் திரும்பி வந்திருக்கு. வழியிறதுக்குள்ள சட்டுன்னு எடுத்துக்கங்க."