நரி தூக்கிக்கொண்டு போன புட்டிங்

ஒரு காட்டில், தென்னந்தோப்பு முடிந்து மலை ஏறத் தொடங்குகிற இடத்தில், ஒரு தாய்க் கரடி இருந்தது. மற்றக் கரடிகள் கரையான் புற்றைத் தேடிப் போகும். இந்தக் கரடி கவலையைத் தேடிப் போகும். மழை வந்தால் குகை ஒழுகுமோ என்று கவலை. வராவிட்டால் ஓடை வற்றுமோ என்று கவலை. இரண்டும் இல்லாத நாளில், இன்றைக்கு ஒரு கவலையும் இல்லையே, என்ன வரப்போகிறதோ என்று கவலை.

அதற்கு ஒரே குட்டி. பெயர் சுருளி. சுருளிக்குத் தேன் என்றால் உயிர். காலையில் தேன், மத்தியானம் தேன், தூங்கும்போதும் கையில் ஒரு துண்டுத் தேனடை. வாயைக் கொப்பளி என்றால் மட்டும் அதற்குக் காது கேட்காது.

ஒருநாள் சுருளி தாடையைப் பிடித்துக்கொண்டு தரையில் உருண்டு அழுதது. கரடி அதை முதுகில் ஏற்றிக்கொண்டு மரங்கொத்தியிடம் ஓடியது. அந்தக் காட்டில் பல் வைத்தியம் பார்ப்பது மரங்கொத்திதான்.

மரங்கொத்தி சுருளியின் வாய்க்குள் எட்டிப் பார்த்தது. டொக், டொக் என்று தட்டிப் பார்த்தது.

"இது பல்லா, பொந்தா? நானே குடியேறலாம் போல இருக்கே!"

"விளையாடாதீங்க வைத்தியரே! பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதே?"

"ஓட்டையில மருந்து வெச்சு அடைச்சிருக்கேன். மழைக்காலம் முடியிற வரைக்கும் தேன் கூடாது. ஒரு வாய் போனாலும் மருந்து கரைஞ்சிடும். அப்புறம் பல்லைப் பிடுங்க வேண்டியதுதான். பக்கத்துப் பல்லும் சேர்ந்து போகும். கடிச்சுத் தின்கிற எதுவும் வேண்டாம். மெத்துனு, சத்தா ஏதாவது கொடுங்க."

வைத்தியர் சொல்லிவிட்டுப் பறந்துவிட்டார். சாப்பிட வைப்பது யார்?

கரடி கிழங்கை மசித்துக் கொடுத்தது. "வேண்டாம்." வாழைப்பழத்தைப் பிசைந்து கொடுத்தது. "வேண்டாம்." கொழுத்த கரையானாகப் பொறுக்கி இலையில் வைத்து நீட்டியது.

"கரையானுக்குக் கால் இருக்கு. தேன் குடு. இல்லாட்டி வாயே திறக்க மாட்டேன்" என்றது சுருளி. சொன்னபடியே வாயை இறுக மூடிக்கொண்டது.

நாள் போகப் போக, குட்டியின் விலா எலும்பு ரோமத்துக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கத் தொடங்கியது. நாலு அடி நடந்தால் உட்கார்ந்துகொண்டது. கரடிக்கு இந்தத் தடவை வந்தது நிஜமான கவலை. அதுவும் சாப்பிடவில்லை.

அப்போது தோப்பிலிருந்து அணில் வந்தது. அந்தக் காட்டிலேயே பொறுமைக்காரி அது. ஒரு கொட்டையை உடைக்க ஒரு காலை முழுவதும் உட்கார்ந்திருக்கும்.

"அக்கா, அழாதீங்க. தோப்பு வீட்டு ஜன்னல்ல உட்கார்ந்து நான் தினம் பார்க்கிறேன். அந்தம்மா தன் பிள்ளைங்களுக்கு சாக்லேட் புட்டிங் செய்யறாங்க. சீனி கிடையாது, அடுப்பும் கிடையாது. அதுங்க கிண்ணத்தைக்கூட விடறதில்லை, நக்கிடுதுங்க. நாமளும் செஞ்சு பார்ப்போம்."

"எனக்கு வருமா? கெட்டுப்போயிட்டா?"

"இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே அக்கா!"

அணில் தன் பொந்திலிருந்து ஒரு சின்ன இலைப்பொட்டலத்தைக் கொண்டுவந்தது. ஜன்னலில் சிந்தியதை எல்லாம் நாள்கணக்காகப் பொறுக்கிச் சேர்த்த சியா விதை அது. கடுகைவிடச் சின்னதாக, சாம்பல் நிறத்தில் இருந்தது.

"இதுதான் இருக்கு. கீழே கொட்டிட்டா வேற இல்லை" என்றது அணில்.

கரடி ஒரு தேங்காயைப் பாறையில் உடைத்து, துருவி, பிழிந்து பால் எடுத்தது. தோப்பில் தென்னைக்கு நடுவே கோகோ மரங்கள் உண்டு. களத்தில் புளிக்கவைத்துக் காயவைத்த கோகோ கொட்டைகள் வேலிக்கு வெளியே சிதறிக் கிடந்தன. அவற்றை வெயிலில் கொதிக்கிற பாறைமேல் பரப்பி, மொறுமொறுப்பானதும் தோலை ஊதிவிட்டு, மாவாக இடித்தது. இனிப்புக்குக் காட்டு ஈச்சம்பழம். கொட்டையை நீக்கி நன்றாக மசித்தது. எல்லாவற்றையும் ஒரு வாய் அகன்ற சுரைக்குடுக்கையில் ஊற்றி, கடைசியில் விதையைப் போட்டு, ஒரு குச்சியால் கலக்கியது.

குழந்தைகளே, நீங்களும் செய்து பார்ப்பதாக இருந்தால் கையைக் கழுவிக்கொள்ளுங்கள். சியா விதையை ஊறவைக்காமல் வெறும் வாயில் அள்ளிப் போடாதீர்கள். தொண்டையில் அடைத்துக்கொள்ளும். சொல்லிவிட்டேன்.

அணில் குடுக்கையின் வாயை இலையால் மூடி, கொடியால் கட்டி, ஓடைக்கரை ஈரமணலில் கழுத்துவரை புதைத்தது.

"மலை நிழல் அதோ அந்தப் புற்றைத் தொடணும். அதுவரைக்கும் விதை ஊறி உப்பணும். நடுவுல ஒருதரம் நல்லா கலக்கணும். இல்லாட்டி எல்லாம் அடியில போய்க் கட்டிக்கும். அதுக்கு நான் வந்துடுவேன். நீங்க தொடாதீங்க அக்கா."

"தொடமாட்டேன்" என்றது கரடி.

அணிலின் வால் தோப்புக்குள் மறைந்தது. கரடி குடுக்கையைத் திறந்தது.

தண்ணீர் மாதிரி இருந்தது. மூடியது. ஓடையைச் சுற்றி ஒரு நடை நடந்தது. மறுபடி திறந்தது. அப்படியேதான் இருந்தது. சுருளி பசி மயக்கத்தில் குகை வாசலில் தூங்கிக்கொண்டிருந்தது. கரடி அதன் மூக்கடியில் கை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்தது. திரும்பி வந்து மறுபடியும் திறந்தது.

"என்னக்கா, மூடியைத் தேய்ச்சே தீர்த்துடுவீங்க போல இருக்கே?"

புதரிலிருந்து நரி வந்தது. இடித்த கோகோவும் தேங்காய்ப்பாலும் ஈச்சம்பழமும் சேர்ந்த மணம் அதன் குகைவரை போயிருந்தது. மணத்தைப் பிடித்துக்கொண்டே வந்துவிட்டது.

கரடி நடந்ததை எல்லாம் ஒப்பித்தது. நரி குடுக்கைக்குள் பார்ப்பதுபோலப் பாவனை செய்தது. மூக்கைச் சுளித்தது. நாக்கில் ஊறிய எச்சிலை விழுங்கிக்கொண்டது.

"அடடா! கெட்டுப்போச்சே அக்கா."

"ஐயோ! நிஜமாவா?"

"புட்டிங்னா கெட்டியா இருக்கணும். இது களக் களக்னு ஓடுது. அணில் கொடுத்தது விதையே இல்லை, மண்ணு. இதைக் கொடுத்தா பிள்ளைக்கு வயித்தாலே போகும். பாவம், ஏற்கெனவே எலும்பும் தோலுமா இருக்கான்."

"நான்தான் சொன்னேனே, எனக்கு வராதுன்னு!" கரடி தலையில் அடித்துக்கொண்டது. "இப்ப நான் என்ன செய்வேன் தம்பி?"

"அக்கா வீட்டுக் கஷ்டம் என் கஷ்டம் இல்லையா? என்கிட்ட ஒரு தேனடை இருக்கு. பிள்ளைக்குக் கொடுங்க. இந்தக் கழிவைத் தூரமாக் கொண்டுபோய்க் கொட்டறதும் என் பொறுப்பு."

"வைத்தியர் தேன் கூடாதுன்னு சொன்னாரே..."

"பல்லு போனா என்ன அக்கா? உசுரு போனா வருமா?"

கரடி திரும்பிக் குட்டியின் விலா எலும்பைப் பார்த்தது. நரி ஓடிப்போய் எடுத்துவந்த தேனடையை வாங்கிக்கொண்டு குடுக்கையைக் கொடுத்துவிட்டது.

நரி கொடியைப் பல்லில் கவ்விக்கொண்டு நடந்தது. குடுக்கை களக் களக் என்றது. பக்கத்தில் எங்கே உட்கார்ந்து தின்றாலும் யாராவது பங்குக்கு வந்துவிடுவார்கள் என்று அது நேரே மலை உச்சிக்குப் போனது. ஒரு சொட்டுக்கூடச் சிந்திவிடக் கூடாதே! தூங்குகிற குழந்தையைத் தூக்குவதுபோல, ஆடாமல் அசையாமல் கொண்டுபோனது.

உச்சிப்பாறையில் உட்கார்ந்து, ஒரு இலையை விரித்து, மேலாகக் கொஞ்சம் ஊற்றி நக்கியது. நல்ல வேளை, குடுக்கையில் வாயை வைக்கவில்லை.

"தூ!"

கலக்காத குடுக்கை அல்லவா! இனிப்பெல்லாம் அடியில் கிடந்தது. விதையும் அடியில் கிடந்தது. மேலே மிதந்தது வெறும் கோகோ கசப்பு. தப்பித்தவறி வந்த நாலு விதையும் பல்லிடுக்கில் மணலாகக் கடிபட்டது.

நரி திகைத்துப்போனது. "கெட்டுப்போச்சுன்னு நான் பொய் இல்லையா சொன்னேன்? நிஜமாவே கெட்டுப்போயிருக்கே! என் தேனடை! பொன்னுபோல வெச்சிருந்த தேனடை!"

வந்த கோபத்தில் குடுக்கையை இலையால் மூடிக் கட்டியது. கொடியைக் கவ்விக்கொண்டு இறங்கியது. பாறைக்குப் பாறை தாவியது. வேரில் இடறியது. குடுக்கை மேலும் கீழும் குதித்தது, மரத்தில் மோதியது, குட்டிக்கரணம் போட்டது. எந்தக் குச்சியும் அப்படிக் கலக்கியிருக்காது.

இங்கே கரடியின் பாடு என்ன? தேனடையைக் கிளையில் மாட்டுவதும் எடுப்பதுமாகப் பொழுது போனது. கொடுத்தால் பல் போகும். கொடுக்காவிட்டால் பிள்ளை போய்விடுமோ? தேனின் மணம் காற்றில் கரைந்து காடெங்கும் போனது. எங்கிருந்தோ இரண்டு தேனீக்கள் வந்து அடையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, விரைந்து திரும்பிப் போயின.

சுருளியின் மூக்கு முதலில் விழித்தது. பிறகுதான் கண் விழித்தது.

"அம்மா... தேன்!"

எத்தனையோ நாளைக்குப் பிறகு குட்டி தானாக வாயைத் திறந்தது. கரடிக்கு அதற்குமேல் தாங்கவில்லை. தேனடையைக் கையில் கொடுத்தது.

"அக்கா! வேண்டாம்!"

மூச்சு வாங்க ஓடிவந்தது அணில். தோப்பு வீட்டுப் பூனை கூரையில் படுத்துக்கொண்டு அதை இவ்வளவு நேரம் இறங்கவிடவில்லை. அணில் ஒரே தாவலில் சுருளியின் மூக்கின்மேல் உட்கார்ந்து, வாலால் அதன் வாயை மறைத்துக்கொண்டது.

"குடுக்கை எங்கே அக்கா?"

கரடி விம்மி விம்மிச் சொல்லி முடிப்பதற்குள், நரியே வந்து நின்றது. குடுக்கையைத் தரையில் வைத்தது.

"நல்லா ஏமாத்தினீங்க அக்கா! கசக்குது, மண்ணாக் கடிக்குது. இந்தாங்க உங்க சரக்கு. என் தேனடையைத் திருப்பிக் கொடுங்க."

"நீதானே தம்பி, கொட்டறதுக்குன்னு வாங்கிட்டுப் போனே?"

அணில் குடுக்கையையே பார்த்தது. நரி வந்த வேகத்துக்கு அது களக் களக் என்று கத்தியிருக்க வேண்டும். ஒரு சத்தமும் இல்லை. கீழே வைத்தபோதும் இல்லை. அணில் மெல்லத் திரும்பிப் பார்த்தது. மலை நிழல் புற்றைத் தொட்டிருந்தது.

"பாவம் அக்கா, நரியண்ணன் ஏமாந்துட்டார். அடையைக் கொடுத்துடுங்க."

"கொடுத்துட்டா பிள்ளைக்கு என்ன இருக்கு? அதுவும் போச்சுன்னா..."

"அக்கா. இந்த ஒருதரம் கவலைப்படாம கொடுங்க."

கரடி அணிலைப் பார்த்தது, குட்டியைப் பார்த்தது. பிறகு, இன்னும் நாக்குப் படாத அந்த அடையைச் சுருளியின் கையிலிருந்து பிடுங்கி நரியிடம் நீட்டியது. சுருளி போட்ட கூச்சலில் தோப்புக் காகங்கள் எல்லாம் கிளம்பிப் பறந்தன.

"யாருகிட்ட!" என்று நரி அடையைக் கவ்விக்கொண்டு ஓடியது.

அதன் வால் மறைந்ததும் அணில் கொடியை அவிழ்த்தது. இலையை எடுத்தது.

உள்ளே தண்ணீர் இல்லை. கருங்கரடியின் ரோமம்போலக் கருத்துப் பளபளத்து, தட்டினால் குலுங்கிக்கொண்டு, சாக்லேட் புட்டிங் நின்றது. குச்சியை நட்டால் அதுவும் நின்றது.

கரடி ஒரு விரலால் தொட்டு, அழுதுகொண்டிருந்த சுருளியின் வாயில் தடவியது. அழுகை பாதியில் நின்றது. சுருளி நாக்கைச் சுழற்றியது. யோசித்தது. கடிக்க ஒன்றும் இல்லை, வழுக்கிக்கொண்டு போனது. ஈச்சம்பழ இனிப்பு மட்டும் பின்னால் மெல்ல வந்தது.

"கரையான் போட்டியா?" என்றது சந்தேகமாக.

"இல்லைடா கண்ணு."

"அப்ப குடு."

சற்று நேரத்தில் குடுக்கைக்கு வெளியே சுருளியின் இரண்டு காதுகள்தான் தெரிந்தன. உள்ளேயிருந்து நக்குகிற சத்தம் கேட்டது. கரடி கண்ணைத் துடைத்துக்கொண்டது.

அந்த நேரம், மலைப்பக்கத்திலிருந்து ரீங்காரம் கேட்டது. அதைத் தொடர்ந்து நரியின் ஊளை கேட்டது. தேனீக்கள் தங்கள் அடையைக் கண்டுபிடித்துவிட்டன.

"ஐயையோ, கண்ணுல கொட்டியிருக்குமோ?" என்றது கரடி. "இவனும் இவ்வளவு வேகமா சாப்பிடறானே, வயிறு வலிக்குமோ?"

"நீங்க ஒரு வாய் சாப்பிடுங்க அக்கா" என்றது அணில்.

நீதி: கெட்டுப்போனது வேறு, இன்னும் ஆகாதது வேறு; பொறுமை இல்லாத கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும்.